பெற்றோரின் மூச்சும் பிள்ளைகளின் மனச்சான்றும்

பங்கு இல்லத்திற்கு வரும் கேள்விகளுள் பெரும்பாலானவற்றிற்குத் திருச்சபைச் சட்டத்திலோ மறைக்கல்வியிலோ நேரான விடை உண்டு. திருமணத் தடை பற்றிக் கேட்கலாம்; ஞானப் பெற்றோராக யார் நிற்கலாம் எனக் கேட்கலாம். ஆனால் அண்மைக் காலத்தில் அடிக்கடி நம் செவிக்கு எட்டும் ஒரு கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை எந்த ஏட்டிலும் இல்லை. “சாமி, அப்பாவுக்குத் தொண்டையில் துளை போட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று சொன்னால் பாவமா?” என்பதே அக்கேள்வி. இயக்க நரம்பணு நோயால் துன்புறும் தந்தையையோ தாயையோ கொண்ட குடும்பங்களில் இது மிகக் கூர்மையாக எழுகிறது. அதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நம் அனைவருக்கும் பயன் தரும்.

நோயின் போக்கு

பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869ஆம் ஆண்டிலேயே இந்நோயின் முதன்மையான வடிவத்தைத் தெளிவாக விவரித்தார். தசைகளுக்குக் கட்டளையிடும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒவ்வொன்றாக மடிகின்றன. முதலில் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் மறுக்கும். அல்லது சமதரையில் கால் இடறும். சிலருக்கு நாக்கு குழறும். பின்னர் விழுங்குவது கடினமாகும். இறுதியில் உதரவிதானம் தளர்ந்து, மூச்சு இழுப்பதே பெரும்பாடாகும். கண் பார்க்கும், காது கேட்கும், தொட்டால் உணர்வு தெரியும். பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். சிலருக்கு மட்டும் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றம் வருவதுண்டு. பெரும்பாலோர் நோய்க்குறி தோன்றிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறக்கின்றனர். நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை.

எனினும் எல்லாருக்கும் ஒரே வேகம் இல்லை. இளவயதில் தொடங்கி, செவிப்புலனையும் பாதித்து, மிக மெதுவாக நகரும் ஒரு வகையைச் சென்னை மருத்துவர்களே 1970ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். அது இன்றும் மருத்துவ உலகில் ‘மதராஸ்’ என்னும் பெயராலேயே அறியப்படுகிறது. ஆகவே குடும்பத்தார் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இவருக்கு வந்திருப்பது எவ்வகை? எவ்வளவு விரைவாக முன்னேறுகிறது?” என்பதே. இதனை அறியாமல் எடுக்கும் முடிவு இருட்டில் எடுக்கும் முடிவாகும்.

துளை தருவதும் தராததும்

மூச்சு தளரும்போது முதலில் பயன்படுத்துவது முகமூடி. மூக்கையும் வாயையும் மூடி, கருவியின் துணையால் காற்றைச் செலுத்துவது அது. இரவில் மட்டும் தொடங்கி, பின்னர் பகலிலும் தேவைப்படலாம். தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்தாலோ, முகமூடி போதாமற்போனாலோ, குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதனை வென்டிலேட்டரோடு இணைப்பதே ‘டிரக்கியாஸ்டமி’ என்னும் சிகிச்சையின் பயன்.

அது மூச்சைத் தருகிறது. மாதங்களையும், சிலருக்கு ஆண்டுகளையும் தருகிறது. ஆனால் நோயை நிறுத்துவதில்லை. கை, கால், குரல் ஆகியவற்றின் இழப்பு தொடரும். நெடுநாள் கருவியோடு வாழ்வோருள் சிலருக்குக் கண்ணசைவும் நின்று, உள்ளிருப்பவர் விழித்திருந்தும் எதையும் தெரிவிக்க இயலாத நிலை வருவதுண்டு.

வீட்டிற்குள் அது கொண்டுவரும் பணியையும் சொல்ல வேண்டும். பகலிலும் இரவிலும் பலமுறை குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. எனவே பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும் அருகில் விழித்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் வேண்டும். அதுவும் நின்றால் கையால் அழுத்திக் காற்றூட்டும் பை வேண்டும். நம் இல்லங்களில் இந்த ‘ஒருவர்’ பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். ஆனால் மருத்துவர் பேசும் அறைக்குள் அழைக்கப்படுவோர் ஆண்மக்கள். இரவெல்லாம் விழிக்கப்போகிறவரைக் கேளாமல் எடுக்கும் முடிவு முழுமையான முடிவாகாது.

துளை வேண்டாம் என்றால் தந்தை மூச்சுத் திணறித் துடித்து இறப்பார் என்னும் அச்சம் பலரை ஆட்டிப் படைக்கிறது. வலிதணிப்பு மருத்துவத்தில் தேர்ந்தோர் சொல்வது வேறு. உடலில் கரியமில வாயு மெல்லக் கூடக் கூட உறக்கம் ஆழமாகி, பெரும்பாலோர் அமைதியாகவே பிரிகின்றனர். மூச்சுத்திணறலின் வேதனையை மார்ஃபின் போன்ற மருந்துகளால் தணிக்கவும் முடியும். வேதனையைத் தணிக்கும் நோக்குடன் தேவையான அளவில் அம்மருந்தைத் தருவது, அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடுமாயினும், கொலையாகாது எனத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே தெளிவுபடுத்தினார். கொல்ல நினைத்துத் தருவது வேறு. துயர் தணிக்கத் தருவது வேறு.

திருச்சபையின் நெடிய மரபு

“உயிர் இறைவனுடையது; அதனைக் காக்க இயன்றதனைத்தையும் செய்தே ஆகவேண்டும்” என்பதே கத்தோலிக்கப் போதனை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இதில் முற்பாதி உண்மை, பிற்பாதி உண்மையன்று. பதினாறாம் நூற்றாண்டில் சலமங்காவில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதுபற்றி ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்தார். கோழியும் கௌதாரியும் உண்டால்தான் பிழைப்பாய் என மருத்துவர் சொன்னாலும், எல்லாரும் உண்ணும் சாதாரண உணவோடு நின்றுவிடுபவன் தற்கொலை செய்தவனாகமாட்டான் என்றார் அவர். மயக்க மருந்தே இல்லாத அக்காலத்தில் கால் துண்டிக்கப்படும் கொடுமையை ஏற்க எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று பின்வந்த அறநெறி இறையியலாளர் எழுதினர். இவ்வாறு ‘சாதாரண வழிகள்’, ‘அசாதாரண வழிகள்’ என்னும் பாகுபாடு பிறந்தது.

செயற்கைச் சுவாசக் கருவிகள் பரவத் தொடங்கிய வேளையில், 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு அதே திருத்தந்தை விடையளித்தார். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகாத வழிகளையே ஒருவர் பயன்படுத்தக் கடமைப்பட்டுள்ளார் என்பது அவ்விடையின் சாரம். ‘பிறருக்கோ’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இதனை மேலும் விளக்கிற்று. சிகிச்சையின் பயனையும், அதன் இடர், செலவு, நோயாளியின் உடல்வலிமை, மனவலிமை ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பயன் எதிர்பார்த்தபடி இல்லையெனில் தொடங்கிய சிகிச்சையையும் நிறுத்தலாம்; சுமையான சிகிச்சையை மறுப்பது தற்கொலைக்கு ஒப்பானதன்று. 1995ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் சுற்றுமடலும் இதனையே உறுதிப்படுத்தியது. இயல்பான பேணுதல், அதாவது உணவு, நீர், தூய்மை, வலிதணிப்பு, அருகிருத்தல் ஆகியவற்றை மட்டும் இயன்றவரை எந்நிலையிலும் கைவிடலாகாது.

எனவே, “வேண்டாம் என்று சொன்னால் பாவமா?” என்னும் கேள்விக்கு, “பாவமன்று” என்று மனச்சான்றை விடுவிக்கலாம். “வேண்டும் என்று சொன்னால், சாவை ஏற்க மறுக்கும் விசுவாசக் குறைவா?” என்று கேட்டால், அதுவுமன்று. இங்கே திருச்சபை முடிவைச் சொல்லவில்லை. எவற்றை எடைபோட வேண்டும் என்பதையே கற்பிக்கிறது.

அதே குழாய், வெவ்வேறு மனிதர்

ஒரே சிகிச்சை ஒருவருக்கு வரமாகவும் மற்றொருவருக்குத் தாங்கொணாச் சுமையாகவும் அமைவதை நம் காலமே கண்டது. அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தமது இருபத்தொன்றாம் வயதில், 1963இல், இந்நோய்க்கு ஆளானார். 1985இல் ஜெனீவாவில் நிமோனியாவால் உயிருக்குப் போராடியபோது, சிகிச்சையை நிறுத்திவிடலாமா என மருத்துவர் கேட்க, அவருடைய மனைவி மறுத்தார். கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்து தொண்டையில் துளையிட்டனர். இருந்த குறைந்த குரலும் போயிற்று. எனினும் அதன்பின் அவர் நூல் எழுதினார். உலகெங்கும் பயணம் செய்தார். 2018இல் தமது 76ஆம் வயதில் இறந்தார். ஆனால் அவருக்கு வந்தது மிக மெதுவாக நகர்ந்த வகை. இரவு பகலாகச் செவிலியர் துணை இருந்தது. அதற்கான நிதியை ஓர் அமெரிக்க அறக்கட்டளை தந்தது. அவரைச் சுட்டிக்காட்டி, “அவர் வாழவில்லையா?” என ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைகளிடம் கேட்பது நீதியாகாது.

உரோமையில் தசைச் சிதைவு நோயால் துன்புற்ற பியர்ஜோர்ஜோ வெல்பிக்கு 1997இல் ஏற்பட்ட மூச்சு நெருக்கடியில் துளையிடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் அவர் கருவியை அகற்றுமாறு வெளிப்படையாக மன்றாடினார். 2006 டிசம்பரில் அது அகற்றப்பட்டு அவர் இறந்தார். அவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது பெரும் விவாதத்தை எழுப்பிற்று. கருணைக் கொலையையும், அளவு மீறிய சிகிச்சையை மறுப்பதையும் குழப்பிக்கொள்ளலாகாது என்றும், நோயாளியின் விருப்பத்திற்குச் செவிசாய்க்க வேண்டும் என்றும் கர்தினால் கார்லோ மரிய மர்த்தீனி அப்போது எழுதினார். அவரும் பார்க்கின்சன் நோயால் தளர்ந்து, 2012இல், அளவு மீறிய சிகிச்சை வேண்டாம் என்று கூறிவிட்டு இறந்தார். கருவியைத் தொடங்குவதைவிட நிறுத்துவது எத்துணைப் போராட்டமாகிவிடும் என்பதையும் வெல்பியின் வரலாறு காட்டுகிறது.

இன்னும் நெருக்கமான சான்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரே. 2005 பிப்ரவரி 24ஆம் நாள் உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் அவருடைய தொண்டையில் துளையிடப்பட்டது. மார்ச் 27ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று, சாளரத்தில் நின்று ஆசி வழங்க வந்தவருக்குக் குரல் எழவில்லை. மார்ச் 31ஆம் நாள் நிலை மோசமானபோது அவர் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லவில்லை. தம் அறையிலேயே இருந்து ஏப்ரல் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஐந்து வார இடைவெளியில் ஒரே மனிதர் ஒரு சிகிச்சையை ஏற்றார். மற்றொன்றைத் தேடாமல் விட்டார். முந்தியது விசுவாசம், பிந்தியது அவநம்பிக்கை என்று எவரும் சொல்லத் துணியமாட்டோம்.

நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் இடம்

அப்படியானால் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? பிள்ளைகளாகிய நம் உள்ளத்தில் இருக்கிறது. “வேண்டும்” என்னும் விடையும் “வேண்டாம்” என்னும் விடையும் அன்பிலிருந்து பிறக்கலாம். அவ்விரண்டுமே தன்னலத்திலிருந்தும் பிறக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகன், “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கள்” என்கிறார். பல ஆண்டுகள் அருகில் இல்லாத குற்ற உணர்வை அக்குழாய் ஆற்றும் என்று அவருடைய உள்மனம் நம்புகிறதோ? “வைத்தியம் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று ஊரார் பேசுவார்களே” என அஞ்சுகிறார் மற்றொருவர். அங்கே முடிவெடுப்பது தந்தையின் நன்மையன்று, துக்கம் விசாரிக்க வருவோரின் நாக்கு. இன்னொருவர் களைத்துப்போய், “அவரை ஏன் சித்திரவதை செய்ய வேண்டும்?” என்கிறார். அது இரக்கமாகவும் இருக்கலாம். விடுதலை பெறும் அவசரமாகவும் இருக்கலாம். களைத்தவரை நாம் தீர்ப்பிடுவதில்லை. ஆனால் நம் உள்ளத்தில் எது பேசுகிறது என்று இறைவன்முன் நின்று ஆராய்ந்து பார்க்கும் கடமை நம் எல்லாருக்கும் உண்டு.

இந்த ஆராய்ச்சிக்கு உரைகல் ஒன்றுண்டு. நான்காம் கட்டளை தாய் தந்தையரை மதிக்கச் சொல்கிறது. மதித்தல் என்பதன் முதற்பொருள் அவர்கள் சொல்வதைக் கேட்டல். வாழ்நாளெல்லாம் குடும்பத்தின் முடிவுகளை எடுத்த தந்தையை, அவருடைய உடலைப் பற்றிய முடிவிலே ஒதுக்கிவிட்டு, தாழ்வாரத்தில் கூடிப் பிள்ளைகள் வாதிடுகின்றனர். நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவிடும் இல்லங்களும் உண்டு. “தெரிந்தால் அப்பா தாங்கமாட்டார்” என்கின்றனர். விரல் மடங்காததையும் நாக்குப் புரளாததையும் அவர் அறியாமலா இருக்கிறார்? நாம் மறைப்பதால் அவருடைய அச்சம் குறைவதில்லை. அதைப் பகிர்ந்துகொள்ள ஆள்தான் இல்லாமற்போகிறது. தொண்டையில் துளை தேவையா என்பது, மனத்தெளிவோடு இருக்கும் ஒரு நோயாளியைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் கேள்வியே அன்று, அவருடைய கேள்வி.

“நான் சுமையாக இருக்க விரும்பவில்லை”

கேட்டால் என்ன சொல்வார்? நம் பெற்றோருள் பலர் சொல்லும் முதல் விடை இதுதான்: “உங்களுக்கு நான் பாரமாக இருக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.” இதனை அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடலாமா? இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

குடும்பத்தின்மீது மிகையான செலவைச் சுமத்தாமலிருக்க விரும்புவது நேர்மையான காரணமே என்று 1980ஆம் ஆண்டு அறிக்கை ஏற்கிறது. பெற்றோரின் தியாகம் கடைசி நாளில் மட்டும் தடைசெய்யப்பட வேண்டியதன்று. ஆனால் தமக்கு வாழ்வதில் விருப்பம் இருந்தும், வீட்டாரின் முகச்சுளிப்பைக் கண்டு அப்படிச் சொல்பவரும் உண்டு. அது தியாகமாகாது, விரட்டப்பட்டவரின் வெளியேற்றம் அது. இவ்விரண்டையும் சொல்லைக் கொண்டு பிரித்தறிய இயலாது. முதலில் அச்சுமையின் அச்சத்தை நாம் அகற்றித் தர வேண்டும். “அப்பா, நீங்கள் கருவியோடு இருந்தாலும் நாங்கள் இருப்போம், வேண்டாம் என்றாலும் இருப்போம். எங்களை எண்ணாமல், உங்கள் உள்ளம் என்ன விரும்புகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.” இவ்வாறு சொல்லி, அதை மெய்யென அவர் நம்பும்படி சில நாள்கள் நடந்தும் காட்டிய பின்னர் அவர் தரும் விடையே அவருடைய உண்மையான விடை. அப்போதும் “வேண்டாம்” என்றால், தலைவணங்கி ஏற்க வேண்டும். “வேண்டும்” என்றால், நம்மால் எது இயலும், எது இயலாது என்பதை மறைக்காமல் அவரோடு பேச வேண்டும். சீராக்கின் ஞானம் முதிர்ந்த தந்தைக்குத் துணைநிற்கச் சொல்லும்போது, அறிவு தளர்ந்தாலும் அவரை இழிவுபடுத்தாதே என்றும் சேர்த்தே கற்பிக்கிறது. உடல் மட்டும் தளர்ந்தவரைக் கேளாமல் விடுவதும் அத்தகைய இழிவுதான்.

கேட்கும் வேளை

இந்த உரையாடலுக்கு உரிய காலம் மூச்சு நன்றாக இருக்கும் காலமே. பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? நள்ளிரவில் மூச்சு முட்டுகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாய்வழியே குழாய் செலுத்துகின்றனர். இரண்டு வாரம் கழித்து, இனித் தொண்டையில் துளையிட வேண்டும் என்கின்றனர். யாரும் தீர்மானிக்காமலே எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. முகமூடி தேவைப்படத் தொடங்கும் நாளே இதைப் பேசவேண்டிய நாள். மருத்துவரையும், இயன்றால் பங்குத்தந்தையையும் உடன் வைத்துக்கொண்டு பேசலாம். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். மனம் மாற நோயாளிக்கு உரிமை உண்டு.

குரல் போனபின்பும் கேட்க வழியுண்டு. உயிரெழுத்துப் பன்னிரண்டையும் மெய்யெழுத்துப் பதினெட்டையும் எழுதிய ஓர் அட்டையை முன்னே பிடித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனால், அவர் கண்ணிமைத்துச் சொல்லமைப்பார். பொறுமை மட்டுமே அதற்குச் செலவு.

கூறியதை எழுதி வைப்பதும் நன்று. 2018 மார்ச் 9ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளின்முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றாலே போதும் என்றது. கத்தோலிக்கர் அதில் கருணைக் கொலையைக் கோரலாகாது. அளவுக்கு மிஞ்சிய சிகிச்சையை மறுக்கலாம், இயல்பான பேணுதலையும் அருட்சாதனங்களையும் கேட்கலாம்.

கேட்கும் காலம் கடந்துவிட்டால்? அப்போதும் “நாங்கள் என்ன விரும்புகிறோம்?” என்று கேட்பதைவிட, “அவர் பேச முடிந்தால் என்ன சொல்வார்?” என்று கேட்போம். அவருடைய வாழ்வையும் பழைய சொற்களையும் நன்கறிந்தவர் பெரும்பாலும் அவர் மனைவியே. அவர் நினைவிலிருந்து விடை வரட்டும். அதன்பின் நேர்மையாக எடுத்த முடிவைக் குறித்து உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் பிற்காலத்தில் குத்திக்காட்டாதிருப்பார்களாக.

விழித்திருத்தல்

கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென நம் ஆண்டவரும் மன்றாடினார். பின்னர்த் தந்தையின் திருவுளத்திற்குத் தம்மைக் கையளித்தார். சாவைக் கண்டு அஞ்சுவதும் அதனை ஏற்பதும் ஒரே இரவில் ஒரே உள்ளத்தில் இடம்பெற்றன. அவ்விரவில் அவர் தம் சீடரிடம் கேட்டதெல்லாம் தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்பதே.

துளை ஏற்ற வீட்டில் சளியை உறிஞ்சி எடுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். துளை வேண்டாம் என்ற வீட்டிலும் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்ல ஒருவர் விழித்திருக்க வேண்டும். நம் அன்பியங்கள் இங்கே செய்யக்கூடியது மிகுதி. வாரத்தில் ஓர் இரவு அந்தத் தாயோ மகளோ உறங்கும்படி, பயிற்சி பெற்ற இருவர் மாறி மாறி அமர்ந்தால், “பெரும் சுமை” என்று திருத்தந்தை சொன்ன அந்த எடையே மாறிவிடுமன்றோ! ஒரு சிகிச்சை தாங்கக்கூடியதா இல்லையா என்பதை மருத்துவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அயலாரின் ஈரமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. துளையிடலாமா என்று ஒரு குடும்பம் நம்மிடம் கேட்கும்போது, பங்குச் சமூகமாகிய நாம் அவர்களுக்குத் தரவேண்டிய முதல் விடை, எந்த இரவில் நாம் வருவோம் என்பதே.